எத்தனை அங்குலம்? – திரையின் அளவும் வடிவமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

வீட்டில் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருக்கிறோம் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து வரும் முதற்கேள்வி "எத்தனை இன்ச்?" என்பதே. மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் அதே கேள்விதான். கடைக்காரரும் அந்த ஓர் எண்ணைச் சொல்லித்தான் விலை சொல்கிறார். எண் பெரிதானால் பொருள் பெரிது. பொருள் பெரிதானால் விலை அதிகம். இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்று நாமும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

ஆனால் நிலம் வாங்கும் எவரும் மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து விலை பேசுவதில்லை. நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி என்று கேட்டு, சென்ட் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறோம். துணிக்கடையில்கூட எத்தனை மீட்டர் என்று கேட்டவுடன் துணியின் அகலம் என்ன என்றும் கேட்கிறோம். திரையை வாங்கும்போது மட்டும் மூலைக்கு மூலை அளந்த ஒரே ஓர் எண்ணோடு நின்றுவிடுகிறோம். அந்த எண் பொய் சொல்வதில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்வதில்லை.

நம்மில் பலருக்கு மடிக்கணினி என்பது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. தவணையில் வாங்கினாலும், நகையை அடகு வைத்து வாங்கினாலும், அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு அதை மாற்ற வழியில்லை. ஆகவே, திரையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதன் அளவையும் வடிவத்தையும் பற்றித் தெரிந்துகொள்வது வீண் ஆராய்ச்சி ஆகாது. இதற்கு உயர்ந்த கணிதமும் தேவையில்லை. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமும் ஓர் அளவுகோலும் போதும்.

அங்குலம் எதைக் குறிக்கிறது?

திரையின் அளவு என்று சொல்லப்படும் எண், அதன் அகலமும் அன்று, உயரமும் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தின் நீளமே அது. பழைய தொலைக்காட்சிகளின் படக்குழாய்கள் தொடக்கத்தில் வட்ட முகம் உடையவையாக இருந்தன. வட்டத்தை அதன் விட்டத்தைக் கொண்டு குறிப்பதே இயல்பு. பின்னர்க் குழாயின் முகம் செவ்வகமாக மாறியபோது, விட்டத்தின் இடத்தை மூலைவிட்டம் பிடித்துக்கொண்டது. குழாய்களின் காலம் முடிந்து தட்டைத் திரைகள் வந்த பின்னும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

நம் நாட்டில் விற்கப்படும் தொலைக்காட்சிப் பெட்டிகளின் மீது 80 செ.மீ., 108 செ.மீ. என்று மெட்ரிக் அளவும் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் ஆதலால் இவை முறையே ஏறத்தாழ 32, 43 அங்குலங்களைக் குறிக்கின்றன. இவையும் மூலைவிட்ட அளவுகளே. 80 செ.மீ. என்று பார்த்துவிட்டு, சுவரில் 80 செ.மீ. அகலமுள்ள மாடத்தை ஒழித்து வைப்போர், பெட்டி வந்த பிறகு இடம் மிச்சமிருப்பதைக் கண்டு வியப்பதுண்டு. அந்தப் பெட்டியின் திரை அகலம் ஏறத்தாழ 70 செ.மீ. மட்டுமே.

மூலைவிட்டத்துக்கு இருக்கும் செல்வாக்கைக் காட்ட ஒரு செய்தி சொல்லலாம். 2019 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 32 அங்குலம் வரையிலான தொலைக்காட்சிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடாகவும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 விழுக்காடாகவும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல்தான் பெரிய பெட்டிகளுக்கும் 18 விழுக்காடு என்று ஆயிற்று. ஆக, ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக, வரிக்கே அந்த ஓர் எண் எல்லைக்கோடாக நின்றது.

ஒரே அங்குலம், வெவ்வேறு பரப்பு

திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பையே திரை விகிதம் என்கிறோம். 4:3 என்றால் அகலத்தை நான்கு பங்காகக் கொண்டால் உயரம் அதே அளவில் மூன்று பங்கு என்று பொருள். 16:9 என்றால் அகலம் பதினாறு பங்கு, உயரம் ஒன்பது பங்கு.

4:3 திரையில் மூலைவிட்டம் எத்தனை பங்கு? நான்கின் வர்க்கம் 16, மூன்றின் வர்க்கம் 9, கூட்டினால் 25, அதன் வர்க்கமூலம் 5. வீடு கட்டும்போது கொத்தனார் 3 அடி, 4 அடி, 5 அடி என்று கயிறு பிடித்து மூலைமட்டம் பார்ப்பதும் இதே முக்கோணத்தைக் கொண்டுதான். ஆக, 4:3 வடிவமுள்ள திரையின் மூலைவிட்டம் 32 அங்குலமானால், அகலம் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 25.6 அங்குலம். உயரம் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 19.2 அங்குலம். பரப்பு ஏறத்தாழ 491 சதுர அங்குலம்.

இனி 16:9 திரையைப் பார்ப்போம். பதினாறின் வர்க்கம் 256; ஒன்பதின் வர்க்கம் 81; கூட்டினால் 337; வர்க்கமூலம் ஏறத்தாழ 18.36. ஆகவே 32 அங்குலத் திரையின் அகலம் 27.9 அங்குலம், உயரம் 15.7 அங்குலம். பரப்பு ஏறத்தாழ 438 சதுர அங்குலம். இரண்டும் 32 அங்குலமே. ஆயினும் இரண்டாவது திரையின் பரப்பு முதலாவதைவிட 11 விழுக்காடு குறைவு.

மூலைவிட்டம் மாறாமல் திரை நீண்டுகொண்டே போனால் பரப்பு சுருங்கிக்கொண்டே போகும் என்பதே இதன் பொதுவிதி. சதுரமாக இருந்தால் பரப்பு மிக அதிகம். அளவுகோலைப் போல 32 அங்குல நீளமும் ஓர் அங்குல உயரமும் உள்ள ஒரு பட்டையைச் செய்தால், அதுவும் கணக்குப்படி 32 அங்குலத் திரைதான்! அதில் படம் பார்க்க முடியாது என்பது வேறு செய்தி.

இன்று வழக்கிலுள்ள சில விகிதங்களுக்கு, மூலைவிட்டத்தை 100 என்று கொண்டால் கிடைக்கும் அளவுகள் வருமாறு:

4:3 – அகலம் 80, உயரம் 60
3:2 – அகலம் 83, உயரம் 55
16:10 – அகலம் 85, உயரம் 53
16:9 – அகலம் 87, உயரம் 49
21:9 – அகலம் 92, உயரம் 39

இந்த ஐந்து வரிகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டால் எந்தத் திரையின் அகலத்தையும் உயரத்தையும் கடையில் நின்றபடியே கணக்கிட்டுவிடலாம். எடுத்துக்காட்டாக, மிக அகலமான திரை என்று விற்கப்படும் 34 அங்குலக் கணினித் திரை, 21:9 விகிதத்தை ஒட்டியது. அதன் உயரம் ஏறத்தாழ 13 அங்குலம். 16:9 விகிதமுள்ள 27 அங்குலத் திரையின் உயரமும் ஏறத்தாழ 13 அங்குலமே. ஏழு அங்குலம் கூடியும் உயரத்தில் எதுவும் கூடவில்லை. முழுவதும் அகலத்துக்கே போய்விட்டது. பக்கம் பக்கமாக இரண்டு மூன்று வேலைகளைத் திறந்து வைப்போருக்கு அது பயன்படும். மேலிருந்து கீழாகப் படிப்போருக்குப் பயன்படாது.

விகிதங்கள் வந்த வரலாறு

எழுதும் பொருளின் வடிவத்தை முதலில் தீர்மானிப்பது அதைத் தாங்கும் பொருளே. பனையோலை நீண்டு குறுகியது. ஆதலால் ஓலைச்சுவடியும் நீண்டு குறுகியதாயிற்று. திரைப்படத்துக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிக்சன் என்பவர் 1890-களின் தொடக்கத்தில் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளை உருவாக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் ஓரத்தில் நான்கு துளைகள் என்று அவர் வகுத்தார். அவ்வாறு அமைந்த படத்தின் அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம். உயரம் முக்கால் அங்குலம். அதுவே 4:3. பேசும் படம் வந்தபோது ஒலிக்கும் சுருளில் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று; 1932-இல் விகிதம் 1.37:1 என்று வரையறுக்கப்பட்டது. முன்னதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. பின்னர் வந்த தொலைக்காட்சியும் 4:3 வடிவத்தையே ஏற்றது. 1959-இல் தில்லியிலும் 1975-இல் சென்னையிலும் தொலைக்காட்சி நிலையங்கள் தொடங்கப்பட்டபோது நம் நாட்டிலும் அதே வடிவமே வழங்கியது.

1950-களில் அமெரிக்க மக்கள் வீட்டிலேயே படம் பார்க்கத் தொடங்கியதும் திரையரங்குகளில் கூட்டம் குறைந்தது. வீட்டில் கிடைக்காத ஒன்றை அரங்கில் காட்டினால்தான் மக்கள் வருவார்கள் என்று கருதிய பட நிறுவனங்கள் திரையை அகலப்படுத்தின. 1953-இல் 'தி ரோப்' என்னும் படம் சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்தது. படம் பிடிக்கும்போது காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிவு செய்வதும், திரையிடும்போது மீண்டும் விரித்துக் காட்டுவதும் இம்முறையின் உத்தி. பிற்காலத்தில் நிலைபெற்ற இதன் விகிதம் 2.35:1. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வெளிவந்த 'ராஜ ராஜ சோழன்' என்பது நாமறிந்ததே.

இவ்வாறு 1.33 முதல் 2.35 வரை பல வடிவங்களில் படங்கள் குவிந்துவிட்டன. புதிய உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு எந்த வடிவத்தை வைப்பது? அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தில் பணியாற்றிய கெர்ன்ஸ் பவர்ஸ் 1984-இல் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். ஒவ்வொரு விகிதத்திலும் ஒரே பரப்புள்ள செவ்வகங்களை வரைந்து, நடுப்புள்ளிகள் பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். எல்லாவற்றையும் அடக்கும் வெளிச்செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உட்செவ்வகமும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைந்தன. அது 1.77. கணக்கிலும் இதைச் சரிபார்க்கலாம். 1.33-ஐயும் 2.35-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.77 கிடைக்கும், அதாவது இரண்டின் பெருக்கல் சராசரி. பதினாறை ஒன்பதால் வகுத்தால் 1.78. இன்று நம் வீடுகளில் இருக்கும் 16:9 திரை இவ்வாறு பிறந்ததே.

ஆகவே 16:9 என்பது கண்ணுக்கு மிகப் பொருத்தமானது என்று இயற்கை வகுத்த விகிதம் அன்று. பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் இடையே செய்யப்பட்ட ஒரு சமரசமே அது.

கறுப்புப் பட்டைகள் குற்றமா?

இந்தச் சமரசத்தின் அடையாளம்தான் திரையில் தோன்றும் கறுப்புப் பட்டைகள். 1952-இல் வெளிவந்த 'பராசக்தி' போன்ற பழைய படத்தை 16:9 திரையில் போட்டால் இடமும் வலமும் கறுப்புப் பட்டைகள் நிற்கும். சினிமாஸ்கோப் படத்தைப் போட்டால் மேலும் கீழும் நிற்கும். இரண்டு நிலையிலும் படம் திரையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நிரப்பும். கால் பங்கு கறுப்பாக இருக்கும். ஒரு தரப்புக்கு அதிகம், ஒரு தரப்புக்குக் குறைவு என்று இல்லாமல் இழப்பைச் சமமாகப் பங்கிட்டிருப்பதைக் காண்க.

பலருக்கு இந்தப் பட்டைகள் பிடிப்பதில்லை. கொடுத்த காசுக்குத் திரை முழுவதும் படம் வரவேண்டும் என்று, படத்தை இழுத்து நிரப்பும் வசதியை இயக்கிவிடுகின்றனர். 4:3 படத்தை 16:9 திரையில் இழுத்து நிரப்பினால் ஒவ்வோர் உருவமும் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். மெலிந்த கதாநாயகி பருத்துத் தோன்றுவாள், முழுநிலா முட்டையாகிவிடும், வண்டிச் சக்கரம் நீள்வட்டமாகச் சுழலும். சில பெட்டிகளில் இழுப்பதற்குப் பதிலாகப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டும் வசதியும் உண்டு. அதில் உருவம் கெடாது. ஆனால் தலையோ காலோ வெட்டுப்படும். திரையில் வட்டமான ஒன்று வட்டமாகவே தெரிகிறதா என்று பார்ப்பதே சரியான அமைப்புக்கான எளிய சோதனை. கறுப்புப் பட்டை பெட்டியின் குறையன்று. படத்தை எடுத்தவர் அமைத்த வடிவத்துக்குத் திரை தரும் மரியாதை என்றே கொள்ள வேண்டும்.

நம் வகுப்புக் கருத்தரங்குகளிலும் இச்சிக்கல் உண்டு. பவர்பாயிண்ட் மென்பொருளில் 2013 பதிப்பிலிருந்துதான் 16:9 இயல்பான அமைப்பாயிற்று. அதற்கு முன் 4:3. பழைய படவீழ்த்திகள் பல 1024×768 என்னும் 4:3 அமைப்பு உடையவை. நாம் உரையாற்றப்போகும் அறையில் எது இருக்கிறது என்று முன்னரே கேட்டறிந்து அதற்கேற்பப் பக்கங்களை அமைத்தால், எழுத்துகள் சிறுத்துப்போய்க் கடைசி வரிசை மாணவர் கண்ணைச் சுருக்க வேண்டிய நிலை வராது.

மடிக்கணினி: படிப்பதற்கு எது ஏற்றது?

படம் பார்ப்பதற்கு அகலம் வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் உயரம் வேண்டும். நூலின் பக்கமும் விடைத்தாளும் செய்முறைக் குறிப்பேடும் நெட்டுவாக்கில் அமைந்தவை. நாம் பயன்படுத்தும் ஏ4 தாளின் அளவு 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். இதை ஒரு கிடைமட்டத் திரைக்குள் முழுமையாகக் கொண்டுவர வேண்டுமானால் சுருக்கித்தான் காட்ட முடியும். எவ்வளவு சுருங்கும் என்பதைத் திரையின் உயரமே தீர்மானிக்கும்.

கடைகளில் அதிகம் காணப்படும் இரண்டு அளவுகளை ஒப்பிடுவோம். ஒன்று, 16:9 வடிவிலுள்ள 15.6 அங்குலத் திரை. அதன் அகலம் 13.6 அங்குலம், உயரம் 7.65 அங்குலம். மற்றொன்று, 16:10 வடிவிலுள்ள 16 அங்குலத் திரை. அதன் அகலமும் ஏறத்தாழ 13.6 அங்குலமே, ஆனால் உயரம் 8.48 அங்குலம். பெயரளவில் வேறுபாடு 0.4 அங்குலம், உயரத்தில் கிடைப்பதோ 0.8 அங்குலத்துக்கும் மேல், அதாவது இரண்டு சென்டிமீட்டர். பரப்பு 10 விழுக்காட்டுக்கும் மேல் கூடுகிறது. ஏ4 பக்கத்தை முழுமையாகக் காட்டினால் முதல் திரையில் அது இயல்பான உயரத்தில் 65 விழுக்காடாகவும், இரண்டாவதில் 72 விழுக்காடாகவும் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். 16:10 வடிவிலுள்ள 14 அங்குலத் திரையின் உயரம் 7.42 அங்குலம். 15.6 அங்குலத் திரையின் உயரத்தோடு ஒப்பிட்டால் கால் அங்குலம்கூடக் குறைவில்லை. பேருந்தில் நின்றுகொண்டு பையைச் சுமந்து வரும் மாணவருக்கு, சிறிய பொருளாகவும் இருந்து, படிக்கும் வரிகளிலும் பெரிய இழப்பில்லாமல் இருப்பது இதுவே.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மடிக்கணினிகள் பெரும்பாலும் தொலைக்காட்சியைப் பின்பற்றி 16:9 வடிவுக்கு மாறின. அண்மை ஆண்டுகளில் 16:10, 3:2 ஆகிய வடிவங்கள் மீண்டும் வந்துகொண்டிருக்கின்றன. கடையில் விகிதத்தை எழுதி வைப்பது அரிது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி விலைச்சீட்டிலேயே ஒளிந்திருக்கிறது. படப்புள்ளிகளின் எண்ணிக்கையை 1920×1080 என்பதுபோலக் குறித்திருப்பார்கள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.78 வந்தால் 16:9. 1920×1200 என்றிருந்தால் 1.6 வரும், அது 16:10. 2160×1440 என்றிருந்தால் 1.5 வரும், அது 3:2. வகுத்து வரும் எண் சிறிதாகச் சிறிதாகத் திரை உயரம் மிக்கது என்று கொள்ளலாம்.

கைப்பேசி: கூடியது எது?

சில ஆண்டுகளுக்கு முன் 5.5 அங்குலக் கைப்பேசி பெரிதாகத் தோன்றியது. இன்று 6.7 அங்குலம் இயல்பாகிவிட்டது. கை மட்டும் வளரவில்லை. பின் எப்படிப் பிடிக்க முடிகிறது? விடை விகிதத்தில் இருக்கிறது. பழைய 5.5 அங்குலத் திரை 16:9 வடிவம், குறுக்கே 2.70 அங்குலம். புதிய 6.7 அங்குலத் திரை 20:9 வடிவமானால் குறுக்கே 2.75 அங்குலம். மூலைவிட்டம் 1.2 அங்குலம் கூடியும் குறுக்களவு அரைக்கால் அங்குலம்கூடக் கூடவில்லை. நீளம்தான் கூடியிருக்கிறது.

இந்த நீண்ட கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து 16:9 வடிவிலுள்ள பாடக் காணொளி ஒன்றைப் பார்த்தால், இருபுறமும் கறுப்பு நிற்க, படத்தின் மூலைவிட்டம் 5.6 அங்குலமாகவே இருக்கும். காணொளிக்காக மட்டும் கூடுதல் விலை கொடுத்துப் பெரிய கைப்பேசி வாங்குவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். செய்தி படிப்போருக்கோ, ஒரே பார்வையில் கூடுதல் வரிகள் கிடைப்பதால் இந்த நீளம் நன்மையே.

படப்புள்ளிகளும் பார்க்கும் தொலைவும்

வடிவத்தையும் பரப்பையும் பார்த்தோம். அந்தப் பரப்பு எத்தனை புள்ளிகளால் நிரப்பப்பட்டிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. எச்.டி. என்று விற்கப்படும் பல 32 அங்குலப் பெட்டிகளில் 1366×768 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ பத்தரை லட்சம் புள்ளிகள் உள்ளன. முழு எச்.டி. எனப்படும் 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம். 4கே எனப்படும் 3840×2160 திரையில் ஏறத்தாழ 83 லட்சம். இது முழு எச்.டி.யைப்போல் நான்கு மடங்கு.

ஆனால் புள்ளிகள் கூடியிருப்பது வேறு. கண்ணுக்குத் தெரிவது வேறு. இயல்பான பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள கோணத்தைப் பிரித்தறிய முடியும் என்பது இயற்பியலில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஒரு புள்ளியின் அகலத்தைப் போல 3438 மடங்கு தொலைவுக்கு அப்பால் சென்றுவிட்டால் அடுத்தடுத்த புள்ளிகளைக் கண்ணால் பிரித்துக் காண இயலாது என்று இதிலிருந்து கணக்கிடலாம்.

இதை 43 அங்குல முழு எச்.டி. தொலைக்காட்சிக்குப் பொருத்திப் பார்ப்போம். அதன் அகலம் 37.5 அங்குலம். 1920-ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் அகலம் 0.0195 அங்குலம். 3438-ஆல் பெருக்கினால் 67 அங்குலம், அதாவது ஐந்தரை அடிக்குச் சற்று மேல். பத்தடி தள்ளி அமர்ந்து பார்க்கும் வீட்டில் முழு எச்.டி.யின் புள்ளிகளே கண்ணுக்குத் தெரியப் போவதில்லை. அங்கு அதே அளவில் 4கே வாங்கினால், கூர்மை என்ற ஒன்றைப் பொறுத்தவரை, கூடுதல் காசுக்குக் கூடுதல் பயன் காண்பது கடினம். நிறமும் ஒளியும் வேறு காரணங்களால் சிறந்திருக்கலாம். அதைத் தனியே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கணினித் திரைக்குத் தனியே செலவு செய்வானேன் என்று 32 அங்குல எச்.டி. தொலைக்காட்சியையே மேசைமேல் வைத்துக் கணினியோடு இணைப்போர் உண்டு. அதன் ஒவ்வொரு புள்ளியும் அரை மில்லிமீட்டர் அகலம். ஏறத்தாழ ஆறடி தொலைவில் மறையும் புள்ளிகள், இரண்டடி தொலைவில் தெளிவாகவே தெரியும். ஆங்கில எழுத்தையாவது படித்துவிடலாம். தமிழுக்கு இது கடுஞ்சோதனை. இரண்டு சுழி னகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் இடையே ஒரு சுழிதான் வேறுபாடு. சிறிய எழுத்தில் அந்தச் சுழிகளை வரையப் போதிய புள்ளிகள் இல்லாவிட்டால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் மங்கும். நாள்தோறும் பல மணி நேரம் படிக்க வேண்டிய மாணவர், அங்குலம் பெரிதென்று இதை வாங்குவதைவிட, 24 அங்குல முழு எச்.டி. கணினித் திரையை வாங்குவது மேல். பரப்பு குறைந்தாலும் ஓர் அங்குலத்துக்குள் அடங்கும் புள்ளிகள் அங்கே 49-லிருந்து 92-ஆக உயர்கின்றன.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

மேலே கண்டவற்றை நடைமுறைக்கு ஏற்றவாறு தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, திரையில் பெரும்பாலும் என்ன செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். படமும் விளையாட்டும் பார்ப்பதானால் 16:9 ஏற்றது. படிப்பதும் எழுதுவதும் கணினி நிரல் எழுதுவதும் ஆனால் 16:10 அல்லது 3:2 ஏற்றது.

இரண்டாவதாக, மூலைவிட்டத்தைக் கேட்டதும் அகலத்தையும் உயரத்தையும் கணக்கிட வேண்டும். இரண்டு திரைகளும் ஒரே விகிதமானால் ஒப்பிடுவது எளிது. பரப்பு மூலைவிட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 32-லிருந்து 43 அங்குலத்துக்குப் போனால் எண் மூன்றில் ஒரு பங்கே கூடுகிறது, பரப்போ 1.8 மடங்காகிறது. விகிதங்கள் வேறுபட்டால் அங்குலத்தை வைத்து ஒப்பிடுவது கூடாது.

மூன்றாவதாக, தொலைக்காட்சியானால், கணக்கிட்ட அகலத்துக்கும் உயரத்துக்கும் பழைய செய்தித்தாள்களை ஒட்டிச் செவ்வகம் ஒன்று செய்து, சுவரில் மாட்டி, வழக்கமாக அமரும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். கடையின் பெரிய கூடத்தில் சிறிதாகத் தோன்றும் பெட்டி, நம் வீட்டின் பத்துக்குப் பத்து அறையில் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்கும் சிறிது இடம் விட வேண்டும்.

நான்காவதாக, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தொலைவை அளந்து, அந்தத் தொலைவில் எத்தனை புள்ளிகள் பயன்படும் என்று பார்த்த பிறகே எச்.டி., முழு எச்.டி., 4கே ஆகியவற்றுள் ஒன்றைத் தேர வேண்டும்.

ஐந்தாவதாக, மடிக்கணினியானால், கடையில் விளம்பரப் படம் ஓடுவதைப் பார்த்து மயங்காமல், ஒரு பாடப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். எத்தனை வரிகள் தெரிகின்றன, தமிழ் எழுத்தின் சுழிகள் தெளிவாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அப்பொருளை வைத்து நாம் நாள்தோறும் செய்யப்போவது அதைத்தானே.

முடிவுரை

அளக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். அரிசிக்கடையில் படியைக் கவனிக்கிறோம்; தங்கக்கடையில் தராசைக் கவனிக்கிறோம்; நிலத்துக்கு அளவையரை அழைக்கிறோம். திரையோ அண்மையில்தான் நம் வீடுகளுக்குள் இவ்வளவு பெருகியது. அதை அளக்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் வேரூன்றவில்லை. "எத்தனை இன்ச்?" என்ற கேள்வி தவறன்று, அது முதற்கேள்வி மட்டுமே. "என்ன விகிதம்? எத்தனை புள்ளி? எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கப் போகிறோம்?" என்னும் மூன்று கேள்விகளை அதனோடு சேர்த்துக்கொண்டால் போதும்.

ஊரில் பொருள் வாங்கப் போகிறவர்கள், "நீ கல்லூரியில் படிக்கிறாயே, கூட வா" என்று நம்மை அழைப்பதுண்டு. அவர்கள் எதிர்பார்ப்பது ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஓர் ஆளை மட்டுமே. அளவுகோலை எடுத்துச் சென்று, அகலத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு, இது உங்கள் வேலைக்கு ஏற்றது, இது ஏற்றதன்று என்று காரணத்தோடு சொல்வோமானால், நாம் படித்த பிதாகரஸ் தேற்றம் தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல் வியர்வை சிந்திச் சேர்த்த ஒரு குடும்பத்தின் பணத்தைக் காக்கவும் பயன்படும்.